வீட்டில் கட்டும் லீனியருக்கு எந்த வால்வு: இரண்டு 813-ஆ, ஒரு ஜிஐ-7பி-யா?

ஹாம் வானொலியின் 40 மீட்டர் அலைவரிசைப் பட்டைக்கென்று லீனியர் (டிரான்ஸீவரின் சிக்னல் திறனைக் கூட்டும் பெருக்கி) கட்டத் தொடங்கியபோது என் மேசையில் ஒரு ஜோடி 813 கண்ணாடி வால்வுகளும், நண்பர் இரவல் தந்த சோவியத் தயாரிப்பான ஜிஐ-7பி ஒன்றும் இருந்தன. நம் நாட்டு ஹாம் வானொலியின் ஜெனரல் கிரேடு உரிமம் அனுமதிக்கும் 400 வாட்டுக்கு இரண்டுமே போதும். 3-500இசட் என்ற இன்னொரு வால்வின் ஃபிலமென்ட் (சூடேறும் இழை) மட்டுமே 5 வோல்ட்டில் 14.5 ஆம்பியர் கேட்பதால் அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

ஜிஐ-7பி உள்ளங்கையில் அடங்கும். 350 வாட் வெப்பத்தைத் தாங்கும். 10 மீட்டர் பட்டையிலும் சோர்வதில்லை. 813 ஜோடியோ அந்தப் பட்டையில் தன் கொள்ளளவு காரணமாகத் திறனை இழக்கிறது. 10 வோல்ட், 10 ஆம்பியர் ஃபிலமென்ட்டுக்கான சோக்கை (ரேடியோ அலையைத் தடுக்கும் சுருள்) தடித்த கம்பியில் சுற்றும்போது விரல்கள் வலித்ததும் உண்மை.

இருந்தும் நான் 813-ஐத் தேர்ந்தேன். காரணம் எங்கள் ஊரின் மின்தடை. ஜிஐ-7பி ப்ளோயர் (ஊதுவிசிறி) காற்றை நம்பியே வாழும் வால்வு. அணைத்த பிறகும் சில நிமிடம் காற்று ஓட வேண்டும். பேசிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் ப்ளோயரும் அதே கணத்தில் நின்று, பிளேட்டில் (வால்வின் நேர்மின்முனை) தேங்கிய வெப்பம் பீங்கானும் உலோகமும் இணையும் இடங்களுக்கு ஏறுகிறது. மின்சாரம் திரும்பினாலும், கேதோடு (எலக்ட்ரான்களை உமிழும் முனை) சூடேற இரண்டு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். 813 தன் வெப்பத்தைக் கண்ணாடி வழியாகவே கதிர்வீசிவிடுவதால் அதற்கு ப்ளோயர் கட்டாயமில்லை. அதன் தோரியம் கலந்த டங்ஸ்டன் ஃபிலமென்ட் ஓரிரு நொடியில் தயாராகிவிடும் என்பதால், ஹாம்கள் கூடிப் பேசும் மாலை நெட்டில் மின்சாரம் வந்து டிரான்ஸீவர் உயிர்பெறும்போதே லீனியரும் உடன் வந்துவிடுகிறது. ஜிஐ-7பி-யை நான் ஓட்டியது இரண்டு மாதம் மட்டுமே. அதற்குள் அது பழுதாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பராமரிப்பில் இன்னொரு வசதி, 813-இன் பிளேட் கண்ணுக்குத் தெரிவது. ஒருநாள் ஆன்டெனா மாற்றிய பின் டியூன் செய்ய மறந்து பேசியபோது, பிளேட்டின் ஓரத்தில் மங்கிய சிவப்பு படர்வதைப் பார்த்து உடனே நிறுத்தினேன். பீங்கானும் உலோகமுமான ஜிஐ-7பி-யில் இந்த எச்சரிக்கையை மீட்டர் முள்ளில்தான் தேட வேண்டும்.

10 மீட்டரில் அதிகம் பேசுபவரும், ப்ளோயரை இன்வெர்ட்டரில் தனியாக இணைக்க முடிந்தவரும் ஜிஐ-7பி-யைத் தயங்காமல் எடுக்கலாம். அதற்கு சாக்கெட் தேடவும் வேண்டாம். செப்புத் தகட்டை வளைத்து, வால்வைப் பிடிக்கும் வளையத்தை நாமே செய்துகொள்ளலாம்.