ஃபெட் மின்சுற்று சிமுலேஷன்: பயந்துகொண்டே தொடங்கிய ஆசிரியையின் அனுபவம்

19 வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். ஆனால் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டி இரண்டு வருடம் வரை அது எனக்கு வெறும் வெள்ளைச் சுவர்தான். எதையாவது தொட்டு, 40 பிள்ளைகள் முன்னால் முழித்துக்கொண்டு நிற்பேனோ என்று பயம். கடைசி பெஞ்சிலிருந்து "மிஸ், நான் வரட்டுமா?" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அதற்குத்தான்.

பயிற்சிக்குப் போகாமல் இல்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று நாள் முழுக்கச் சொன்னார்கள், சான்றிதழும் தந்தார்கள். மறுநாள் ஓம் விதியை அதில் எப்படி நடத்துவது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் கையில் கிடைத்தது இந்த ஃபெட் (PhET): அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் சிமுலேஷன்களின் தொகுப்பு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம். இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நெட் போய்விட்டால் என்ன செய்வது என்பதே என் பயத்தில் பாதி, அது அங்கேயே தீர்ந்தது.

அதிலுள்ள மின்சுற்று சிமுலேஷனோடு மூன்று இரவு வீட்டில் தனியாக விளையாடினேன். மின்கலம், பல்பு, கம்பி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்க வேண்டியதுதான். பல்பை மறந்துவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தேன். திரையில் மின்கலம் தீப்பிடித்தது! கெடுத்துவிட்டேன் என்று பதறினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: ஷார்ட் சர்க்யூட்டுக்கு அப்படித்தான் எரியும்படி செய்து வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அதே தவறை வேண்டுமென்றே செய்துதான் பாடத்தைத் தொடங்கினேன்.

அடுத்து இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, எது பிரகாசமாக எரியும் என்று கேட்டேன். முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடும் என்று பாதி வகுப்பு சத்தியம் செய்தது. ஸ்விட்சைப் போட்டதும் எலக்ட்ரான்களைக் காட்டும் நீல உருண்டைகள் பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் ஓடின. இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. வருடக்கணக்காக நான் சாக்பீஸால் சொன்னதை அன்று அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள்.

"புத்தகத்துல அம்புக்குறி எதிர்ப்பக்கமா இருக்கே மிஸ்?" என்றான் ஒருவன். புத்தகத்தில் இருப்பது மரபு மின்னோட்டம், அதாவது எலக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் காட்டுவது. திரையிலும் அதற்கு மாற்ற வழி உண்டு என்று தெரியும், எங்கே என்று தெரியவில்லை. எனக்கு வியர்த்தது. ஒரு மாணவி எழுந்து வந்து தொட்டுக் காட்டினாள். நன்றி சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இதற்கா இரண்டு வருடம் பயந்தேன்?

ஒன்று, இதைக் காட்டிவிட்டு நிஜக் கம்பியையும் பல்பையும் பூட்டி வைத்துவிடாதீர்கள். திரையில் கம்பி தானாகக் கழன்று விழாது, மின்கலம் நாள்பட்டுத் தீர்ந்துபோகாது. எரியாத பல்பை ஏன் எரியவில்லை என்று தேடுகிற வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும்.

இந்த சிமுலேஷனில் அறிமுகத் திரை, ஆய்வகத் திரை என்று இரண்டு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் அறிமுகத் திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆய்வகத் திரையில் மின்கலத்தின் அகமின்தடையை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மின்தடையைக்கூட மாற்றலாம். நான் இப்போதுதான் அதைத் தொடவே ஆரம்பித்திருக்கிறேன்.