காய்ந்த கொறங்காட்டு மாட்டுக்கு எந்தப் புரதம்? கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தேங்காய்ப் புண்ணாக்கு, யூரியா

கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையில் துளிர்த்த கொழுக்கட்டைப் புல்லில், உலர்ந்த எடைக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் புரதம் இருக்கும். பங்குனியில் அதே புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால் 4 சதவீதம்தான் மிஞ்சும். பாதிக்குமேல் குறைந்தது என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. செரிமானக் கணக்கு அதைவிடக் கடுமையானது. புல், தட்டு வகைத் தீவனங்களில் செரிக்கும் புரதத்தைக் கணிக்க ஒரு தோராய வழி உண்டு: புரத சதவீதத்தை 0.93-ஆல் பெருக்கி, 3.5 கழிக்க வேண்டும். பச்சைப் புல்லுக்கு 5.8 வரும். காய்ந்த புல்லுக்கு 0.2. குடலின் உதிர்ந்த செல்களிலும் செரிமானச் சாறுகளிலும் உள்ள புரதம் சாணியோடு போவதற்காகத்தான் அந்த 3.5-ஐக் கழிக்கிறோம். மாடு நாள் முழுக்க மேய்ந்தும் உடம்பில் ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் 300 கிலோ எடையுள்ள பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 6 கிலோ காய்ந்த புல் மேய்ந்தால் 240 கிராம் புரதம் கிடைக்கிறது. பெருவயிற்றில் (மாட்டின் முதல் இரைப்பையில்) நார்ச்சத்தை உடைக்கும் நுண்ணுயிரிகள் தடையில்லாமல் வேலை செய்யத் தீவனத்தில் சுமார் 7 சதவீதப் புரதம் வேண்டும். அதாவது 420 கிராம். குறைகிற 180 கிராமை எதிலிருந்து கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கடலைப் புண்ணாக்கில் 42 முதல் 45 சதவீதம் புரதம். 400 கிராம் போதும். இதன் புரதத்தில் நான்கில் மூன்று பங்கு பெருவயிற்றிலேயே உடைந்து அம்மோனியாவாகும். பச்சைப் புல் மேயும் மாட்டுக்கு இது வீண். மிஞ்சிய அம்மோனியா கல்லீரலில் யூரியாவாகி மூத்திரத்தில் போய்விடும். காய்ந்த புல் மேயும் மாட்டுக்கோ நுண்ணுயிரிகள் பட்டினி கிடப்பதே அந்த அம்மோனியா இல்லாமல்தான். அதனால் கோடைக்கு இதுவே முதல் தேர்வு என்பது எங்கள் முடிவு. இன்னொரு சௌகரியம்: உடம்பில் உண்டாகும் யூரியாவில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகவும் பெருவயிற்றின் சுவர் வழியாகவும் திரும்பி வருவதால், தினமும் வைக்காமல் வாரத்துக்கு மூன்று தடவை 900 கிராம் வீதம் வைத்தாலும் வறட்டு மாடு தாங்கும். கறவைக்குத் தினமும் வைக்க வேண்டும். மேய்ந்து திரும்பிய மாலையில், வயிறு நிறைந்தபின் வையுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கைக் கழுவியோ காயவைத்தோ கொடுக்கக் கூடாது. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் போகாது, பாலிலும் இறங்கும்.

பருத்திக்கொட்டை கொங்கு நாட்டின் பழைய வழக்கம். ஆட்டி ஊற்றினால் காளைக்குப் பளபளப்பு வரும். அது அதிலுள்ள 18, 20 சதவீத எண்ணெயின் வேலை. புரதம் சுமார் 20 சதவீதம்தான். ஆகவே 180 கிராமுக்கு 900 கிராம் கொட்டை வேண்டும். நைசாக ஆட்டும்போது எண்ணெய் முழுவதும் வெளிவந்து நாரின்மேல் படிந்துவிடும். நுண்ணுயிரிகள் நாரைப் பற்ற முடியாது. ஒரு கிலோவைத் தாண்டினால் மேய்ந்த புல்லே செரிக்காமல் போகலாம். உழைக்கும் காளைக்குத் தெம்புக்காகக் கொடுங்கள், புரதத்துக்காக இதை நம்ப வேண்டாம். கன்றுகளுக்குக் கூடவே கூடாது: இதிலுள்ள காசிபால் என்ற நஞ்சைச் சமாளிக்க அவற்றின் பெருவயிறு இன்னும் வளர்ந்திருக்காது.

தேங்காய்ப் புண்ணாக்கில் 20, 22 சதவீதம். இதில் ஏறத்தாழ பாதி உடையாமல் தப்பி, குடலில் நேராகச் செரிக்கும். பாலுக்கு நல்லது. ஆனால் பெருவயிறு பட்டினியாக இருக்கும்போது இதை மட்டும் வைத்தால் புல் செரிப்பது அதிகமாகாது. கறவைக்குக் கடலையோடு பாதிப் பாதி சேர்ப்பதே சரி. செக்கில் கருகிய, கரும்பழுப்பான புண்ணாக்கை வாங்காதீர்கள். சூட்டில் புரதமும் சர்க்கரையும் பிணைந்து, செரிக்காமல் சாணியில் போய்விடும்.

யூரியாவும் பெருவயிற்றில் அம்மோனியாவாவதால் கணக்கில் மலிவு: 60 கிராமே அந்த 180-ஐ ஏறக்குறைய ஈடுகட்டும். நடப்பில் அப்படியில்லை. அடர்தீவனத்தில் (தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவையில்) 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பதால் 60 கிராம் கொடுக்க 6 கிலோ தீவனம் வேண்டும். மேய்ச்சல் மாட்டுக்கு யார் வைப்பார்கள்? தண்ணீரில் கரைத்து வைப்பது கொலைக்குச் சமம். பசித்த வயிற்றில் அரை மணிக்குள் உடம்பு துடிக்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு உப்பும். மருத்துவரை உடனே அழைப்பதோடு, அவர் சொல்படி வினிகரும் குளிர்ந்த நீரும் புகட்ட வேண்டியிருக்கும். பாதுகாப்பான வழி, சோளத்தட்டை ஊறல் போடுவது: 100 கிலோ நறுக்கிய சோளத்தட்டுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் போட்டு 21 நாள் மூட வேண்டும். கொடுக்குமுன் மூக்கைத் துளைக்கும் நெடி அடங்கும்வரை விரித்து ஆற்றுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம்.

காசில்லாத புரதம் கொறங்காட்டிலேயே உதிர்கிறது: வெள்வேல் மரத்தின் காய். ஆனால் விதையின் ஓடு கெட்டி. பட்டியில் ஆட்டுப் புழுக்கையை உடைத்துப் பார்த்தால் முழு விதைகள் அப்படியே கிடக்கும், அதற்குள்ளிருந்த புரதமும் செரிக்காமல்தான் வந்திருக்கிறது. காயைப் பொறுக்கி, உலக்கையால் இடித்து வைத்தால் அந்தப் புரதம் செரித்து உடம்பில் சேரும். ஒரு பங்கை இடிக்காமல் விடுங்கள், புது மரம் முளைக்க.

எது போதுகிறது என்று சாணி காட்டும். அடுக்கடுக்காக, விளிம்பில் வெடிப்போடு கோபுரம்போல நின்றால் புரதம் பற்றவில்லை. தட்டையாகப் பரந்து மடிப்பு மெல்லியதாக இருந்தால் போதுகிறது. புண்ணாக்கு தொடங்கிய ஒரு வாரத்தில் இந்த மாற்றம் தெரிய வேண்டும். மழை பெய்து புல் துளிர்த்ததும் புண்ணாக்கை நிறுத்திவிட்டு, கறவைக்குக் கம்போ மக்காச்சோளமோ இடித்து வையுங்கள். அப்போது குறைவது புரதமல்ல, மாவுச்சத்து.