அமுக்கரா கோபத்தை மட்டும் அமுக்குவதில்லை

சென்ற வாரம் திருநெல்வேலியிலிருந்து கல்லூரித் தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நீ அமுக்கரா சாப்பிட்டுச் சாந்தசொரூபி ஆகிவிட்டாயாமே, நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டார். வாங்கு, வாங்காதே என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் 14 மாதம் சாப்பிட்ட பிறகும் எனக்கே அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் தெரிந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளம்பரங்களில் அஸ்வகந்தா என்று வருவதும், நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராங் கிழங்கு என்று கேட்டால் கிடைப்பதும் ஒன்றுதான் என்பதை அறியாதவர் இன்று குறைவு. அதனால் அதன் பெருமைகளை விரித்துரைக்கப் போவதில்லை. நான் ஈரோட்டில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்யக் கடைசி நாட்களான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எனக்கு அமாவாசையும் பௌர்ணமியும் போன்றவை; அவற்றை ஒட்டிய நாட்களில் நான் மனிதர்களோடு பேசிய முறை பற்றி என் உதவியாளரும் என் மனைவியும் தனித்தனியே சாட்சி சொல்வார்கள். தூக்கம் கெட்டு, காரணமின்றி நெஞ்சு படபடக்க ஆரம்பித்ததும், சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு சித்த மருத்துவரிடம் சென்றேன். அவர் அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து காலையும் இரவும் சாப்பிடச் சொன்னார்.

சூரணத்தின் சேர்மானம் அழகான கணக்கு. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரு மடங்காக ஏறிக்கொண்டே போகும். மொத்தம் 255 பங்கு. தொழில் புத்தி சும்மா இருக்குமா? 5 கிராம் சூரணத்தைப் பிரித்துப் பார்த்தேன்: சர்க்கரை இரண்டரை கிராம், சுக்கு மிளகு திப்பிலி மூன்றும் சேர்ந்து ஒரு கிராமுக்குச் சற்று மேல், நான் எதற்காகச் சாப்பிடுகிறேனோ அந்த அமுக்கரா ஒன்றேகால் கிராம். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குதிரை வாடை என்று வடமொழிப் பெயர் பயமுறுத்தினாலும், கிழங்கைப் பாலில் பிட்டவியலாக, அதாவது பிட்டைப்போல் ஆவியில், வேகவைத்து உலர்த்திப் பொடிப்பதாலும் ஏலக்காய் சேர்வதாலும் அந்த வாடை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவு எனக்கு எல்லையோரத்தில் நிற்பதால், நாளுக்கு 5 கிராம் சர்க்கரையை மருந்தின் பெயரால் சாப்பிடுவதற்கு மூன்று மாதத்துக்குமேல் மனம் ஒப்பவில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வேரின் சாரம் 300 மில்லிகிராம் அடங்கிய கேப்சூலுக்கு மாறி, நாளுக்கு இரண்டு வீதம் விழுங்கலானேன்.

பலனைக் குறைத்துச் சொன்னால் அது நன்றிகெட்ட செயலாகும். முதலில் சரியானது தூக்கம். இந்தச் செடியின் அறிவியல் பெயரில் உள்ள சோம்னிஃபெரா என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். அது வெறும் பெயரளவில் நிற்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு யாருடைய ரசீதில் எந்த எண் விடுபட்டது என்று யோசிக்கும் வழக்கம் நின்றது. இரண்டாம் மாதம் படபடப்பு போயிற்று. கேப்சூலுக்கு மாறி ஆறு வாரம் கழித்து, 19-ஆம் தேதி மாலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் யாரையும் இன்னும் திட்டவில்லை என்பதை உதவியாளர் சொல்லித்தான் உணர்ந்தேன்.

கோபத்துக்கும் ஒரு வேலை இருந்தது என்பதை அதன் பிறகுதான் கற்றேன். எனக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. மாதம் முழுவதும் சேர்ந்த ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் திணித்து, 19-ஆம் தேதி விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொண்டுவருவார். நான் கத்துவேன், அவர் தலையைச் சொறிவார், அடுத்த மாதம் 15-ஆம் தேதி வருவார், அதற்கடுத்த மாதம் மறுபடி 19. இப்படி ஒரு சமநிலையில் பல ஆண்டுகள் ஓடின. அமுக்கராவின் அருளால் நான் "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்" என்று சொன்ன நாளில், அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மறுமாதம் 20-ஆம் தேதியே வந்தார். அதற்கடுத்த மாதம் 22. நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் கட்டியதும் அவர்தான், "நீங்கள் முன்போல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டதும் அவர்தான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்ளலாம். என் மனத்தில் இன்றுவரை முள்ளாக நிற்பது பிப்ரவரி மாத இறுதியில் நடந்த என் தங்கை மகளின் திருமணம். நான் தாய்மாமன். அந்தக் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தியவன். கெட்டிமேளம் கேட்டாலே, அது யார் வீட்டுத் திருமணமாக இருந்தாலும், கண் கலங்குபவன் என்று உறவில் எனக்கு ஒரு பெயரே உண்டு. அன்று கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை தூவினேன்; ஒன்றும் நேரவில்லை. புறப்படும்போது அவள் என் காலில் விழுந்து எழுந்து என் தோளில் முகம் புதைத்து அழுதாள், தங்கை அழுதாள், தங்கை கணவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, இரண்டாம் பந்திக்குச் சமையற்காரர் எத்தனை இலை கணக்குக் காட்டினார், உண்மையில் எத்தனை விழுந்தது என்று மனத்துக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். கணக்கு சரியாகவும் வந்தது. அழுகையை அடக்கினேன் என்றால் அது வேறு. அடக்குவதற்கு உள்ளே எதுவும் எழவில்லை.

அன்றிரவு வீடு திரும்பிய பிறகுதான் பெயரில் உள்ள வேடிக்கை உறைத்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கினால் அமுக்கராவையும் சுக்கையும் அரைத்துச் சூடாகப் பற்றுப் போடுவார்கள். வீக்கத்தை அமுக்குவதால்தான் அமுக்கரா என்று என் பாட்டி சொல்லுவார். சொல்லாராய்ச்சி தெரிந்தவர்கள் ஒப்புவார்களோ மாட்டார்களோ, எனக்கு அந்த விளக்கமே போதும். வீங்கியது கோபமா, துக்கமா, சந்தோஷமா என்று கேட்டுவிட்டா பற்று அமுக்கும்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஹைதராபாத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு: 64 பேரில் ஒரு பாதியினருக்கு என்னைப்போலவே 300 மில்லிகிராம் வேர்ச் சாரம் நாளுக்கு இருமுறை, மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை, 60 நாட்கள். சாரம் எடுத்தவர்களுக்கு மன அழுத்த மதிப்பெண் கணிசமாகக் குறைந்தது. இரத்தத்தில் கார்ட்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோன் ஏறத்தாழ 28 சதவீதம் இறங்கியது. எனக்கு நடந்ததும் அதுதான் என்று நம்புகிறேன். ஆனால் இரண்டு குறைகள் கண்ணில் பட்டன. ஒன்று, அவர்கள் கணக்கை 60-ஆம் நாளில் முடித்துவிட்டார்கள். பெரும்பாலான ஆய்வுகளும் மூன்று மாதத்தைத் தாண்டுவதில்லை. நானோ ஒன்பதாம் மாதத்தில் இருந்தேன். மற்றொன்று, இத்தகைய ஆய்வுகளில் கையாளும் அழுத்த அளவுகோலின் கேள்விகள். எதிர்பாராதது நடந்தபோது கலங்கினீர்களா, உங்கள் கையில் இல்லாதவற்றுக்காகக் கோபப்பட்டீர்களா என்று கேட்கிறார்கள். மருமகள் அழும்போது அழுகை வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தாளை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் முதல் மதிப்பெண் வாங்கித் தேறியிருப்பேன்.

பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகரிடம் போனால் இன்னும் சுவாரசியம். அறிவுக்கும் நினைவுக்கும் உகந்த மேத்ய ரசாயனங்கள் என்று சரக சம்ஹிதை குறிப்பிடும் நான்கில் வல்லாரை, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி ஆகியவையே இருக்கின்றன, அஸ்வகந்தா இல்லை. அது வலிமை தருபவை, உடலைத் தேற்றுபவை என்ற பட்டியல்களில் வருகிறது. இளைத்தவனுக்குச் சதை போடக் கொடுத்த கிழங்கை, மனத்தின் மேடுபள்ளங்களை நிரவும் மருந்தாக முதன்மையாக விற்பது நம் காலத்து விளம்பரம்தான். நிரவத்தான் செய்கிறது, மேட்டையும் சேர்த்து நிரவுகிறது.

மார்ச் முதல் வாரம் நிறுத்தினேன். ஐந்து வாரம் தொடவில்லை. முதலில் திரும்பியது கோபம். பத்து நாளில் வந்துவிட்டது, அதுவும் நிதியாண்டு முடியும் மாதத்தில், வட்டியோடு. மஞ்சள் பைக்காரர் அன்று வாங்கிய வசவுக்கு அடுத்த மாதம் 13-ஆம் தேதியே வந்து நின்றார். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. கண்ணீர் வருவதற்கு ஐந்தாம் வாரம் ஆயிற்று. பரணில் பழைய கோப்பு ஒன்றைத் தேடியபோது என் தந்தையின் மளிகைக் கடைப் பேரேடு அகப்பட்டது. முதல் பக்கத்தின் தலையில் அவர் கையால் போட்ட பிள்ளையார் சுழி. ஏணியில் நின்றபடியே அழுதேன். இறங்கி வந்து மனைவியிடம் சொன்னபோது, அவளுக்கு அது மகிழ்ச்சியாகத் தோன்றவில்லை. "அப்படியானால் 20-ஆம் தேதிக்கு முன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுங்கள்" என்றாள்.

எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அமுக்கரா சாப்பிடும் நானே பிடித்திருக்கிறது. அந்த மனிதர் தட்டை நகர்த்துவதில்லை, தொலைக்காட்சிச் சத்தத்துக்குப் பாய்வதில்லை, மகளின் இயற்பியல் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "அடுத்த முறை பார்க்கலாம்" என்கிறார். அவரைவிட நான் எந்த வகையில் மேல் என்று என்னால் வாதிட முடியவில்லை. ஏப்ரல் நடுவில் மறுபடி தொடங்கினேன். ஆறாம் வாரத்தில் அதே மந்தம் அதே வரிசையில் வந்தது. ஒரே ஆளிடம் இருமுறை நடந்ததை ஆதாரம் என்று எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். வயது, வேலைச் சுமை, நான் அதையே எதிர்பார்த்துக் காத்திருந்தது எல்லாம் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் என் கையொப்பத்தை அதன்மேல் போடத் தயாராக இருக்கிறேன்.

தோழருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி வேறு. அவர் தைராய்டு குறைவுக்காகப் பல ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடும். அளவு மீறிப்போனவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. தம் மருத்துவரைக் கேட்காமல் அவர் இதைத் தொடக்கூடாது. கருவுற்றவர்கள் கூடாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டும் கூடுதலாக இறங்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அரிதாகக் கல்லீரலைத் தாக்குகிறது; 2023-இல் நம் நாட்டு மருத்துவர்களே அத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள், ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர்களுக்கு முடிவு மோசமாக இருந்திருக்கிறது. அதே ஆண்டு டென்மார்க் இதைத் தடையே செய்துவிட்டது. நம் ஆயுஷ் அமைச்சகம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2021-இல் மருந்தில் இலையைச் சேர்க்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்களை அறிவுறுத்தியது. ஆகவே டப்பாவில் வேர் மட்டும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த கல்லீரல், தைராய்டு பரிசோதனைகள் இரண்டும் இதுவரை சரியாகவே வந்திருக்கின்றன. உடம்புக்கு ஒரு கேடும் செய்யாத மருந்தின்மீது இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டால், கோபப்பட முடிகிற அளவுக்கு நேற்று ஒரு வேளை மறந்திருக்கிறேன் என்பதுதான் பதில்.

ஆக, தோழரே, வாங்க வேண்டாம்.

நான் நேற்று 60 கேப்சூல் அடங்கிய புதிய டப்பா ஒன்று வாங்கினேன். இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் 18 வணிகர்களின் தணிக்கைக் கோப்புகளைத் தயார் செய்து கொடுக்க வேண்டும். சொந்தப் புத்தியோடு அதைக் கடக்க எனக்குத் துணிவில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி நிறுத்துவதாகத் திட்டம். தலைத்தீபாவளிக்கு மருமகள் கணவரோடு தங்கை வீட்டுக்கு வருகிறாள். நானும் போக வேண்டும். நிறுத்திய நாளிலிருந்து அதற்குள் ஐந்து வாரம் கிடைக்கிறதா என்று நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். கிடைக்கிறது, மூன்று நாள் மிச்சத்தோடு.