ரெண்டு டிஸ்க், 7.3 டெராபைட்: புதுச்சேரியில் நான் ஏமாந்த கதை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். முகூர்த்த நாள்ல ஒரு கல்யாணத்துக்கே நூறு ஜிபிக்கு மேல சேரும். அதைப் போட்டு வைக்க ஒரு லினக்ஸ் பெட்டி வேணும்னு வைகாசியில புதுச்சேரியில ஒரு கடையில சொல்லிச் செஞ்சு வாங்கினேன். கடை பேரைச் சொல்லப் போறதில்லை, புகார் கொடுத்திருக்கேன்.

"புது டிஸ்க் ரெண்டுண்ணா, ஒவ்வொண்ணும் 4 டெராபைட். ரெய்டு போட்டிருக்கேன், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். வேகத்தைப் பாருங்க"ன்னார் கடைக்காரத் தம்பி. ரெய்டுன்னா ஒண்ணுக்கு மேற்பட்ட டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஓட்டுறது. வேகம் நிஜமாவே பறந்துச்சு. வீட்டுக்கு வந்து, டிஸ்க்ல எவ்வளவு இடம்னு சொல்ற டிஎஃப் கமாண்ட் அடிச்சா 7.3 டெராபைட் காட்டுது (ரெண்டு 4 டெராபைட்டும் சேர்ந்தா கம்ப்யூட்டர் கணக்குல அவ்வளவுதான்). இவ்வளவு இடமான்னு எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷியிலதான் ஏமாந்தேன்.

ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தணும்னா ரெண்டுலயும் ஒரே டேட்டா இருக்கணும். அது ரெய்டு 1, மிரர்னும் சொல்வாங்க. ரெண்டு டிஸ்க் போட்டாலும் கைக்கு வர்றது ஒரு டிஸ்க் இடம்தான், டிஎஃப்ல 3.6னு காட்டும். எனக்கு 7.3 காட்டினப்பவே அங்க காப்புன்னு ஒண்ணும் இல்லைன்னு புரிஞ்சிருக்கணும். அவர் போட்டது ரெய்டு 0. ஃபைலை நறுக்கி ரெண்டு டிஸ்க்லயும் மாத்தி மாத்தி எழுதும், அதான் அந்த வேகம். லினக்ஸ்ல ரெய்டு அமைக்கிற எம்டிஅட்மின் வழக்கமா போடுற துண்டு 512 கேபி. கேமரா சுருக்காம அப்படியே தர்ற என் ரா போட்டோ ஒண்ணு 25 எம்பி. அப்படின்னா ஒரு போட்டோகூட ஒரே டிஸ்க்ல முழுசா இருக்காது.

ஐப்பசியில ஒரு ராத்திரி பெட்டிக்குள்ள 'டிக், டிக்'னு சத்தம், பல்லி கத்துற மாதிரி. காலையில டிஸ்க் மவுண்ட் ஆகலை, அதாவது திறக்கவே இல்லை. மெமரி கார்டை ஏற்கெனவே ஃபார்மட் பண்ணி அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயாச்சு. அக்கா பையன் வந்து, ரெய்டு நிலவரம் சொல்ற எம்டிஸ்டாட் ஃபைலைத் திறந்து, "மாமா, இங்க ரெய்டு ஜீரோன்னு எழுதியிருக்கு. மிரரா இருந்தா 'யூ யூ'ன்னு ரெண்டு எழுத்து இருக்கும், ஒண்ணு செத்தா ஒரு யூ போய் கோடு வந்திடும்"னான். உயிரோட இருந்த டிஸ்க்ல, அது எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு சொல்ற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டைப் போட்டான். ஓடின நேரம் 31,412 மணி. வருஷத்துக்கே 8,760 மணிதான். நான் வாங்கி அஞ்சு மாசம், 'புது' டிஸ்க் ஓடினது மூணரை வருஷம்!

கடைக்குப் போனா, "ரெய்டு கேட்டீங்க, ரெய்டுதான்ணே போட்டிருக்கு"ங்கிறார். பில்லுன்னு தந்த வெள்ளைத் தாள்ல சீரியல் நம்பரே கிடையாது. வாங்கினவர் குடியிருக்கிற ஊர்லயே நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கலாம்னு 2019 சட்டம் சொல்லுது, அதனால கடலூர்லயே கொடுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணியும் பதிஞ்சு வச்சிருக்கேன்.

இப்போ வேற இடத்துல ரெய்டு 1 போட்டு வாங்கியிருக்கேன். காசு எண்ணிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்மார்ட்சிடிஎல் போடச் சொல்லி மணிக்கணக்கைப் பார்த்தேன், சீரியல் நம்பரை பில்லுல எழுதி வாங்கினேன். பெட்டியை அணைச்சு ஒரு டிஸ்க் கேபிளைப் பிடுங்கிட்டு, பெட்டியை மட்டும் திரும்ப ஆன் பண்ணி, போட்டோ திறக்குதான்னும் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளிச்சார், சுளிக்கட்டும். திரும்ப மாட்டின டிஸ்க்குக்கு எல்லாம் நகல் ஆக ஏழெட்டு மணி நேரம் ஆச்சு. தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா மிரர்ல ரெண்டு பக்கமும் சேர்ந்தே அழியும், அதனால ஞாயித்துக்கிழமை ஒரு யுஎஸ்பி டிஸ்க்ல தனியா காப்பி எடுத்து வீட்ல வைக்கிறேன்.

செத்த டிஸ்க்கை சென்னையில காட்டினோம். 65,000 ரூபாய் ஆகும், ஆனா உத்தரவாதம் இல்லைன்னுட்டாங்க. அந்த டிஸ்க்கோட போன நெல்லிக்குப்பம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தங்கச்சி போன்ல எடுத்த 11 நிமிஷ வீடியோ ஒண்ணு கிடைச்சிருக்கு. பொண்ணோட அப்பாவுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு, அந்த வீடியோவுல இருந்து ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்து ஆல்பம் பண்ணிட்டிருக்கேன். தாலி கட்டுற இடத்துல யாரோ ஒருத்தர் முதுகு மறைக்குது.