காலா கில்லாவிலிருந்து மிட்டி ஆறு வரை: ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

மும்பை தாராவியில் பிறந்தேன், தாராவிக்குள்ளேயே வாக்கப்பட்டேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது. நம்ம ஏரியாவைச் சுற்றிக் காட்ட ஆளுக்கு அறுநூறு ரூபாய் வாங்குகிறார்கள் என்று மகள் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் சந்துக்குள் கேமராவோடு வந்து, நம் மோரியையும் சாக்கடையையும் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

"இது அந்த மாதிரி இல்லம்மா. கோட்டை, கோலிவாடா, காடி, கடைசியில நேச்சர் பார்க். பறவை, பூச்சி, மரம்னு காட்டுவாங்க" என்றாள். காடி என்றால் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழிமுகம். பணத்தையும் அவளே கட்டிவிட்டாள். என் அம்மாவையும் சேர்த்து மூன்று பேர் போனோம். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. 1970இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர்.

நடத்துவது ஒரு சின்னக் குழு. குறைகளையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. கார்த்திகை மாதத்து முதல் ஞாயிறு, காலை ஆறே முக்காலுக்கு டெப்போ வாசலில் கூடச் சொன்னார்கள். மொத்தம் பதினான்கு பேர். வழிகாட்ட இரண்டு பேர். ஒருவர் குழுவை நடத்துகிறவர், பாந்த்ராக்காரர், இங்கிலீஷில் பேசினார். இன்னொருவன் நம்ம 90 அடி ரோட்டுப் பையன், அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். இந்த நடையில் நான் கொடுத்த காசுக்கு மதிப்பு வந்ததென்றால் அது முக்கால்வாசி அந்தப் பையனால்தான்.

முதலில் காலா கில்லா. பஸ் நிறுத்தத்துக்குப் பெயரே அதுதான், தினமும் வாயில் வருகிற பெயர். ஆனால் கோட்டையை நின்று பார்த்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர்? சுற்றிலும் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவே கருங்கல் சுவர். அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவின்படி 1737இல் கட்டியது என்று இங்கிலீஷ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏன் இந்த இடத்தில் கோட்டை என்று மகள் கேட்டாள். பையன் கையை வடக்கே நீட்டினான்.

"அக்கா, அந்தக் காலத்துல ஆத்துக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், அந்தப் பக்கம் சால்செட் தீவுல போர்ச்சுகீஸ்காரன். 1737லதான் மராட்டாப் படை சால்செட்டுக்குள்ள வருது. அந்த நேரம் இது எல்லைக்கோடு. இங்க நின்னு காடியில எந்தப் படகு வருதுன்னு பாத்துட்டே இருக்கணும்."

மிட்டி ஒரு காலத்தில் எல்லை ஆறு! எங்களுக்கு அது நாற்றமும் வெள்ளமும்தான். அம்மா சுவரில் கை வைத்துப் பார்த்தார். "இந்தச் செவத்துல சாஞ்சுக்கிட்டுதான் தண்ணிக் கொழாய்க்கு வரிசையில நிப்போம். கல்லுல எழுத்து இருக்குன்னு யாரும் சொல்லலியே" என்றார். அதைக் கேட்டதும் பையன் கோட்டைக் கதையை நிறுத்திவிட்டு, எந்த வருஷம், குழாய் எங்கே இருந்தது, எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று அம்மாவிடம் விசாரிக்க ஆரம்பித்தான். போனில் குறித்தும் கொண்டான். எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் அது. பாந்த்ராக்காரர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்தது கோலிவாடா. தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர் என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். பழைய பம்பாய் கெஜட்டியரில் பெரிய கோலிவாடாக்கள் ஆறில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து வீடு போட்ட கதையை என் ஆச்சி நிறையச் சொல்லியிருக்கிறார். தேங்காய் மட்டை, சாம்பல், குப்பை, மேலே மண். நாம் வீடு கட்டக் கட்ட அவர்களுக்குக் காடி தூரம் போய்விட்டது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை.

இங்கேதான் என் முதல் குறை. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு கோலி அம்மாவைக் கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுத்தார்கள். நடத்துகிறவர் தடுக்கவில்லை. அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். என் மகள் முன்னால் போய் மராத்தியில் மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகுதான் அவர் பேசினார். கூட்டம் பாதி நகர்ந்துவிட்டது, நாங்கள் மூவரும் பையனும் மட்டும் நின்றோம்.

சின்ன வயதில் ஓட்டி நேரத்தில், அதாவது தண்ணீர் வற்றும் நேரத்தில், சேற்றில் இறங்கி நிவ்டி பிடிப்பாராம். நிவ்டி என்பது சேற்றின் மேலேயே துள்ளி நடக்கிற மீன். தலைக்கு மேல் துருத்திய கண், முன் துடுப்புகளையே கைபோல ஊன்றி நகரும். ஈரத் தோலாலும் மூச்சு வாங்கும், அதனால் தண்ணீருக்கு வெளியே வெகுநேரம் தாங்கும். வளைக்குள் கையை விட்டுப் பிடிக்கிற பதத்தை அந்த அம்மா கையாலேயே காட்டினார். விரல்களைக் குவித்து, மணிக்கட்டை ஒரு திருப்பு. மழை முடிந்த மாதங்களில் குழம்பு வைத்தால் தனி ருசி என்றார். இப்போது இந்தக் காடியில் பிடித்ததைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

இந்தப் பத்து நிமிஷம் நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. நிரலில் வைக்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்து, முறையாக உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும்.

காடிக்கரைக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்லவேளை, ஓட்டி நேரம். சேறு வெளியே தெரிந்தது. விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மிட்டியாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் காடியில் கலக்கிறது. விஹார் ஏரி 1860இல் நகரத்துக் குடிநீருக்காகக் கட்டியது. அங்கே தெளிந்த தண்ணீர், இங்கே இந்த நிறம். நடுவில் ஏர்போர்ட் ரன்வேக்காக ஆற்றை வளைத்திருக்கிறார்கள், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்காகச் சதுப்பைத் தூர்த்திருக்கிறார்கள். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நெஞ்சளவு. மகளை போட்மாளாவில், அதாவது மேல்பரணில், ஏற்றி உட்கார வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க நானும் அம்மாவும் ஏணியிலேயே நின்றோம். கரையில் நின்றபோது மூன்று பேருக்கும் அதே நினைப்பு. ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பையன் ஒரு கண்டல் இலையைக் கிள்ளிக் கொடுத்தான். மராத்தியில் திவர் என்கிறார்கள், தமிழில் வெண்கண்டல். இலையை விரலால் தடவச் சொன்னான். பொடிப் பொடியாக உப்பு ஒட்டியது. வேர் உறிஞ்சுகிற உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். கீழே சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல ஆயிரக்கணக்கில் நிற்பவை மூச்சுவேர்கள். ஒவ்வொன்றிலும் பால் பாக்கெட், குர்குரே கவர், துணிக் கிழிசல். கவர் மூடிக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டிவிடும் என்றான். இவனும் இவன் கூட்டாளிகள் ஒன்பது பேரும் மாதம் ஒரு சனிக்கிழமை சேற்றில் இறங்கிக் கையால் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். சம்பளம் இல்லை. ஒரு தடவை நிறைய எடுத்தோம், அடுத்த பரதிக்கே மறுபடி வந்து மாட்டிக்கொண்டது என்று சொன்னான். பரதி என்றால் ஏற்றம். அலுப்பே இல்லாமல் சொன்னான்.

அவ்வளவு அழுக்கிலும் பறவைகள் இருந்தன. வெள்ளைக் கொக்கு, மடையான், ஒரு மீன்கொத்தி, வாலை ஆட்டி ஆட்டி நடக்கிற சின்ன உள்ளான்கள் நான்கு. உள்ளான்கள் பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வருபவை. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கொளத்துலயும் இதே குருவிதான்" என்றார்.

கடைசியில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். இதற்கு மட்டும் தனியாக வந்தாலும் தப்பில்லை. நுழைவுக் கட்டணம் சில்லறைக் காசுதான். 37 ஏக்கர். 1970களின் பின்பாதி வரை இது பம்பாயின் குப்பைமேடு. அம்மா வந்து இறங்கிய காலத்தில் காத்து திரும்பினால் சோறு இறங்காது என்பார். அந்த மேட்டின் மேல் மண் பரப்பி, 1983இல் பறவையியலாளர் சலீம் அலி முதல் கன்றை நட்டிருக்கிறார். 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே நான்கு நிமிஷம் நடந்ததுமே லிங்க் ரோட்டு ஹாரன் சத்தம் அடங்கிவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்குள் இந்தப் பூங்காவும் போய்விடுமோ என்ற பயத்தில் உயர் நீதிமன்றம் வரை போய் இதற்காகப் பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

புங்கமும் அத்தியும் தாண்டி ஒரு எருக்கஞ்செடிப் பக்கம் பையன் குத்தவைத்து உட்கார்ந்தான். நாங்களும் உட்கார்ந்தோம். இலையின் அடியில் ஒரு புழு. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரி வரியாக, உடம்பில் மூன்று சோடி மெல்லிய கறுப்பு இழைகள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தொடாது. தின்பதற்கு முன் இலை நரம்பைக் கடித்து வைத்துப் பால் வடிய விடுகிறது. நரம்பில் அந்தக் கடித் தடத்தையும், அதில் உறைந்திருந்த வெள்ளைச் சொட்டையும் எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அம்மா, "எருக்கம்பூவுல பிள்ளையாருக்கு மாலை கட்டுவோமே, இதுல இவ்ளோ இருக்கா" என்று கேட்டுவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். கருவேப்பிலைச் செடியில் வருகிற பச்சைப் புழுவும் பட்டாம்பூச்சிதான், அதற்குக் கருவேப்பிலை அழகி என்று பெயர் என்றும் பையன் சொன்னான். எங்கள் ஜன்னல் தொட்டியில் அந்தப் புழுக்களை நான் இத்தனை வருஷமாக நசுக்கிப் போட்டிருக்கிறேன். இனிமேல் மாட்டேன்.

இனி மிச்சக் குறைகள். மூன்று மணி நேரத்தில் உட்கார இடம் பூங்காவுக்குள் மட்டும்தான். வயதானவர்கள் வந்தால் நடுவில் ஒரு இடத்தில் உட்கார வைக்க ஏற்பாடு வேண்டும். கழிவறை எங்கே என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், பெண்களுக்கு அது முக்கியம். கொடுத்த வடாபாவ் சூடாகவும் நன்றாகவும் இருந்தது.

பெரிய குறை மொழி. தாராவியைப் பற்றிய நடையில் தாராவிக்காரர்களுக்குப் புரிகிற மொழி இல்லை. பையன் எங்களுக்காகத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். அதற்கு ஒரு தடவை அவனை அந்தப் பாந்த்ராக்காரர் முறைத்தும் பார்த்தார். அதோடு, அவனுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நடைக்கு ஐந்நூறு. பதினான்கு பேரிடம் வாங்கியது எட்டாயிரத்து நானூறு. சேற்றில் இறங்குவதும் அவன்தான், பறவைப் பெயர் சொல்வதும் அவன்தான். இது நியாயமில்லை என்று முடிவில் நடத்துகிறவரிடம் நேராகவே சொன்னேன். யோசிக்கிறோம் என்றார். யோசித்தால் நல்லது.

இத்தனைக்கும் பிறகு போகலாமா என்றால், போங்கள். தமிழ் பேசுகிற வழிகாட்டி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஓட்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுத் தேதியை எடுங்கள், பரதியில் போனால் சேறும் தெரியாது, உள்ளானும் தெரியாது. பழைய செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். கோலிவாடாவில் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

முழுக்கத் தமிழிலேயே ஒரு நடை வைப்பாயா, தாராவிக்காரர்களுக்கு நூறு ரூபாய்க்கு, காசு முழுக்க உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும், கோலி அம்மாவுக்கும் என்று பையனிடம் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வைக்கிறேன் அக்கா என்றான். அம்மா அன்று சாயங்காலமே குழாயடிக் காலத்துச் சிநேகிதிகள் மூன்று பேரிடம் பெயர் வாங்கிவிட்டார். இதுவரை எட்டுப் பேர் ஆகியிருக்கிறோம்.