லீவரா, சிரிஞ்சா, வேக்குவமா? பைக் பிரேக்கில் ஏர் எடுக்க எந்த வழி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல், பின் பிரேக் மேலேயே கால் வைத்தபடி இறங்குகிறவர்கள் உண்டு. பாதி மலையில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. புது டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். நீர் 3.7 சதவீதம் சேர்ந்த ஆயிலிடம் அதே தரநிலை எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், நாம் மிதிக்கிற பலம் அந்த அமுக்கத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்று என்று பெரும்பாலான மேனுவல்கள் சொல்வது இதனால்தான்.

மாற்றுவது கஷ்டமில்லை, உள்ளே காற்று போகாமல் மாற்றுவதுதான் கஷ்டம். காற்றும் ஆவி மாதிரியே அமுங்கும். அதற்கு வீட்டில் மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலாவது, மெக்கானிக் கடைகளில் காலங்காலமாகச் செய்கிற லீவர் முறை. காலிப்பரில் (சக்கரத்தின் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இருக்கும் நிப்பிளில், அதாவது ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகில், ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, நிப்பிள் முனையில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைச் செருகி, டியூபின் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க விட வேண்டும். லீவரை நாலைந்து முறை அடித்து, பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் பழுப்பு ஆயில் சரேலென வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தப்பினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். மேலே இருக்கும் ஆயில் கிண்ணமும் சின்னது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து ஊற்றாவிட்டால் அங்கிருந்தும் காற்று இறங்கும். பழைய வண்டியில் லீவரை கிரிப் வரை இழுக்காதீர்கள். லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே பிஸ்டன் எப்போதும் போகாத இடத்தில் துரு படிந்திருக்கும். அதில் சீல் உரசினால் கிழிந்துவிடும்.

நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் லீவர் எவ்வளவு இறுகுகிறது என்று கைக்கே தெரிகிறது. மற்ற இரண்டு வழியிலும் இது கிடையாது.

வேக்குவம் பம்ப் பார்க்க ரொம்ப சுலபமாக இருக்கும். நிப்பிளில் மாட்டி உறிஞ்சினால் ஐந்தே நிமிடத்தில் ஆயில் மாறிவிடும். சிக்கல் என்னவென்றால் டியூபில் குமிழி வருவது நிற்கவே நிற்காது. முதல் தடவை அரை பாட்டில் ஆயிலை வீணடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அது பிரேக்குக்குள் இருந்த காற்று இல்லை, தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து இழுபடும் காற்று. மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் குறையும். அப்போதும் எந்தக் குமிழி எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தினமும் நாலு வண்டி பார்க்கிற கடைக்கு இது சரி, ஒரே ஒரு பைக் வைத்திருப்பவருக்கு எதற்கு?

மூன்றாவது சிரிஞ்சு. கீழே நிப்பிள் வழியாகப் புது ஆயிலை மெதுவாக மேலே தள்ளுவது. காற்று தானாகவே மேலே போகத் துடிக்கும், நாமும் அந்தத் திசையிலேயே தள்ளுகிறோம். ஹோஸ் மாற்றி, காலிப்பரைக் கழற்றி மாட்டி, லைன் முழுக்கக் காலியாக இருக்கும்போது இதை மிஞ்ச ஒன்றுமில்லை. லீவரால் மணிக்கணக்கில் அடித்தும் ஏறாத ஆயில், இரண்டு சிரிஞ்சில் மேலே வந்துவிடும். ஆனால் சாதாரண ஆயில் மாற்றத்துக்கு இதை எடுக்க மாட்டேன். காலிப்பரின் அடியில் தங்கியிருக்கும் கசடும் சேர்ந்து மேலே ஏறும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியில் அது மாடுலேட்டருக்குள், அதாவது பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள், போய் உட்காரும்.

அப்புறம், மேலே கிண்ணத்தில் இருப்பதை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். நான் அதை மறந்தேன். வழிந்த ஆயில் டேங்க் மேல் ஓடியதை டீ குடித்துவிட்டு வந்துதான் பார்த்தேன். துணியால் துடைத்தபோது கறுப்புப் பெயின்டும் துணியோடு வந்தது. அன்றிலிருந்து டேங்க் மேல் ஈரத்துணி, பக்கத்தில் ஒரு மக் தண்ணீர் இல்லாமல் மூடியைத் திறப்பதில்லை. பட்ட உடனே தண்ணீர் ஊற்றினால் ஆயில் கழுவிப் போய்விடும்.

ஆக, வழக்கமான மாற்றத்துக்கு லீவர். காலியான லைனுக்கு சிரிஞ்சில் ஆரம்பித்து லீவரில் முடிப்பது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால் இந்த மூன்றுமே போதாமல் போகலாம். சர்வீஸ் சென்டரில் கணினியை மாட்டி மாடுலேட்டரின் பம்பை ஓட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆயிலில் யோசிக்க அதிகமில்லை, வண்டியின் ஆயில் கிண்ண மூடியில் அச்சடித்திருப்பதை ஊற்றுங்கள். டாட் 4-க்குப் பதில் டாட் 5.1 ஊற்றலாம், இரண்டும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன். பழைய ஹார்லிகளில் இருந்தது. எண் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை இவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் லீவரை ஒரு நிமிடம் அழுத்தியே பிடித்துப் பாருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. வண்டியை எடுக்க வேண்டாம். இறங்கவில்லையென்றால் இன்ஜினைப் போடாமல் தள்ளிக்கொண்டு போய் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் நிப்பிளைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.