உள்ளங்கைக்குள் 12 மாதங்கள்: நின்டெண்டோவின் ஹனஃபுடா

நின்டெண்டோ என்றால் வீடியோ கேம் என்றுதான் எனக்கும் தெரியும். ஆனால் 1889-ல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமௌச்சி அதைத் தொடங்கியது ‘ஹனஃபுடா’ என்ற இந்த ஜப்பானியப் பூச்சீட்டுகளுக்காகத்தான். இன்றும் விற்கிறார்கள். நான் வாங்கியது பெட்டியில் நெப்போலியன் படம் போட்ட ‘டாய்டோர்யோ’ என்ற வகை.

சீட்டுகள் சின்னவை, ஆனால் நல்ல கனம். கீழே அடித்துப் போட்டால் ‘பட்’டென்று ஒரு சத்தம். அதற்காகவே இன்னொரு ஆட்டம் போடத் தோன்றும்.

மொத்தம் 48 சீட்டு. மாதத்துக்கு ஒரு செடி, செடிக்கு நான்கு சீட்டு. எண்கள் கிடையாது. பைன் என்றால் ஜனவரி, செர்ரி என்றால் மார்ச் என்று மனதில் பதிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆகஸ்ட் நிலவுதான் என் செல்லம்: சிவப்பு வானம், கரிய குன்று, நடுவே வெள்ளை வட்டம்.

இந்தச் சீட்டுகளை வைத்து நாங்கள் இருவர் ஆடும் ஆட்டம் கொய்-கொய். ஆளுக்கு 8 சீட்டு, தரையில் 8. ஒரே மாதச் சீட்டுகளைச் சேர்த்து எடுக்க வேண்டும். நிலவுச் சீட்டும் சாக்கே (ஜப்பானிய அரிசி மது) கிண்ணச் சீட்டும் சேர்ந்தால் நிலவு பார்த்துக் குடிப்பதாகக் கணக்கு, புள்ளி உண்டு! அப்புறம் நிறுத்தலாம், அல்லது ‘கொய்-கொய்’ என்று சொல்லித் தொடரலாம். நேற்று இரவு நான் தொடர்ந்தேன். எதிரே இருந்தவள் செர்ரித் திரைச்சீலைச் சீட்டை எடுத்து, தானும் புள்ளி சேர்த்து ஆட்டத்தையே முடித்துவிட்டாள்.